குடிக்கூலியும் நீதியும்



வாடகை என்று நாம் இன்று வழங்கும் பொருளுக்குத் தமிழில் குடிக்கூலி என்றொரு பழஞ்சொல் உண்டு. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். உழைப்பவன் பெறுவதும் கூலி; உறைவிடத்துக்கு அவன் கொடுப்பதும் கூலி. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு கையால் வாங்கியதை மறுகையால் கொடுத்துவிட்டு, எஞ்சியதில் வாழ்க்கை நடத்தும் மக்கள் நம் நாட்டில் கோடிக்கணக்கில் உள்ளனர். அரசர்களின் போர்களைப் பற்றி விரிவாகப் படிக்கும் நாம், இந்தக் குடிக்கூலியின் வரலாற்றைப் படிப்பதில்லை. இதுவும் ஒரு வரலாறே. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நான் வாழும் சிற்றூர் ஒரகடத்துக்கு அருகில் இருக்கின்றது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் கூடும் இடம் ஒரகடம். நான் சிறுவனாக இருந்தபோது இங்கே ஏரியும் கழனியும் பனைமரங்களுமே கண்ணுக்குத் தெரிந்தன. 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் முதற்கார் வெளிவந்தது. அடுத்த இருபதாண்டுகளில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைபேசியும் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால், ஆலைப் பேருந்துகளுக்காகக் காத்திருக்கும் இளைஞர் கூட்டத்தைக் காணலாம். திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி என்று நம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. இவர்கள் அனைவரும் இரவில் எங்கேயோ தலை சாய்க்க வேண்டுமல்லவா? அந்த 'எங்கேயோ' என்பதுதான் என் பொருள்.

நிலத்தை விற்றவர்களும் விற்காதவர்களும் எங்கள் பக்கத்தில் அறைகள் கட்டினார்கள். நெல் விளைந்த இடத்தில் வாடகை விளைந்தது. பணி ஓய்வு பெற்றபின் நானும், சேமித்த பணத்தைக் கொண்டு என் வீட்டின் பின்புறம் மூன்று அறைகள் கட்டினேன். ஆகையால் நேயர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். வாடகையின் நீதியைப் பற்றி இங்கே பேசுகின்றவன் ஒரு வீட்டுக்காரன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், ஓர் அறையில் குடியிருந்த நான்கு இளைஞர்களை அழைத்து, “அடுத்த மாதம் முதல் வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூட்டித் தர வேண்டும்” என்றேன். அவர்களில் ஒருவன் பணிவாகத்தான் கேட்டான்: “சார், எங்களால் முடியாது என்றால்?” எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லும் விடையையே நானும் சொன்னேன்: “வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.” அவன் மேலே ஒன்றும் பேசவில்லை. அவர்கள் பணமும் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் சொன்ன அந்தச் சொல், பல ஆண்டுகள் வகுப்பறையில் நானே கண்டித்துப் பாடம் நடத்திய சொல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பாடம் என்று சொல்லுகின்றேன், கேளுங்கள்.

எங்கள் வட்டாரம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே நிலவிய மிராசு முறையைப் பற்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1818-இல் விரிவாக எழுதியிருக்கின்றார். தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று 1816-லேயே எடுத்துக்காட்டிய அதே எல்லிஸ்தான் இவர். ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை உடையோர் மிராசுதார்கள். அவர்கள் நிலத்தைப் பயிரிடும் குடிகள் பாயகாரிகள் எனப்பட்டனர். பாயகாரிகளில் இரு வகையினர் இருந்தனர். உட்குடி என்போர் அவ்வூரிலேயே நிலைத்து வாழ்வோர். செலுத்த வேண்டியதைச் செலுத்தும் வரை அவர்களை வெளியேற்றுதல் முறையன்று என்பது வழக்கம். புறக்குடி என்போர் வெளியூரிலிருந்து வந்து, குறித்த காலத்துக்கு ஒப்பந்தம் பேசிப் பயிரிடுவோர். காலம் முடிந்தால் அவர்கள் உரிமையும் முடிந்தது. உட்குடிக்கு வழக்கம் துணை நின்றது. புறக்குடிக்குப் பேச்சு மட்டுமே துணை.

இவ்விருவருக்கும் கீழே, சேரிகளில் வாழ்ந்த உழைப்பாளிகள் இருந்தனர். 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் என்பவர் அம்மக்களின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதில் அவர் சுட்டிய குறைகளில் முதன்மையானது எது தெரியுமா? அம்மக்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்கு உரியதன்று என்பதே. குடிசை அவர்கள் கையால் கட்டியது. மனையோ மிராசுதாருடையது என்று கொள்ளப்பட்டது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், 'மனையை விட்டுப் போ' என்ற ஒரு சொல் போதும். சாட்டை வேண்டியதில்லை, விலங்கு வேண்டியதில்லை. வேலை கொடுப்பவனே வீட்டுக்கும் உடையவனாக இருந்தால், வீடே விலங்காகிவிடும். இந்த அறிக்கையின் பயனாகத்தான் 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் கேள்விப்படுவது அதுவே. மனைப் பிரச்சினை தீர மேலும் நெடுங்காலம் ஆயிற்று. நிலவுடைமையாளரின் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் அம்மனையையே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம், 1971-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. டிரமன்ஹீர் எழுதி எண்பது ஆண்டுகள்!

இனி நகரத்துக்கு வருவோம். கிராமத்தில் மனை செய்த வேலையை நகரத்தில் வாடகை செய்தது. இதற்குச் சிறந்த சான்று ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். முதல் உலகப் போரின்போது அங்கே கப்பல் தளங்களிலும் படைக்கலத் தொழிற்சாலைகளிலும் வேலை பெருகியது. ஆட்கள் வந்து குவிந்தனர், வீடுகளோ பெருகவில்லை. வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். ஆண்கள் போர்முனையிலும் ஆலையிலும் இருக்க, வீட்டிலிருந்த பெண்கள் எதிர்த்து நின்றனர். மேரி பார்பர் என்ற மாதரசியின் தலைமையில் 1915-இல் உயர்ந்த வாடகையைத் தர மறுத்தனர். வெளியேற்ற வரும் அதிகாரியைக் கண்டவுடன் மணியடித்துத் தெருவையே கூட்டி வாயிலை மறித்தனர். நவம்பர் 17-ஆம் நாள், வழக்குத் தொடரப்பட்ட குடித்தனக்காரர்களுக்காக ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றத்தின் முன் திரண்டனர். அடுத்த மாதமே பிரிட்டிஷ் பாராளுமன்றம், 1914 ஆகஸ்டு மாதத்து வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் நிழல் இந்தியாவிலும் படர்ந்தது. 1918-இல் பம்பாயிலும், 1920-இல் கல்கத்தாவிலும் வாடகைச் சட்டங்கள் வந்தன.

சென்னையின் வழி சற்று வேறுபட்டது. இங்கே பிறர் மனையைத் தரைவாடகைக்கு எடுத்து, அதன்மேல் தம் செலவில் வீடு கட்டி வாழ்ந்தோர் பலர். தரைவாடகை தவறாமல் கொடுத்தால் வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையே அவர்கள் கட்டடத்தின் அடித்தளம். மனையின் விலை ஏறியபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இதற்காகப் பிறந்ததே 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். வெளியேற்றினால் கட்டடத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும், நீதிமன்றம் உறுதி செய்யும் விலைக்கு மனையை வாங்கிக்கொள்ளக் குடியிருப்பவர் கேட்கலாம் என்றும் அது கூறியது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ச் சென்னையில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர் முடிந்தும் நெருக்கடி முடியவில்லை. 1941-இல் ஏறக்குறைய 7.8 இலட்சமாக இருந்த நகர மக்கள்தொகை, 1951-இல் 14 இலட்சத்தைத் தாண்டியது. நகர எல்லை விரிந்தது ஒரு காரணம். பிழைப்புத் தேடி வந்தவர் பெருக்கம் மற்றொரு காரணம். ஆகவே 1946-இலும் 1949-இலும் 1960-இலும் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் 1960-ஆம் ஆண்டுச் சட்டமே நெடுநாள் நம் மாநிலத்தை ஆண்டது.

அச்சட்டம் என்ன செய்தது? நியாய வாடகை என்ற கருத்தைக் கொண்டு, வாடகையை உறுதி செய்யும் அதிகாரத்தை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கொடுத்தது. வெளியேற்றுவதற்குரிய காரணங்களை எண்ணி வரையறுத்தது. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்தைச் சேதப்படுத்துதல், அயலாருக்குத் தொல்லை தருதல், உரிமையாளருக்கே வீடு தேவைப்படுதல் முதலியன அவை. இவற்றில் ஒன்றை மெய்ப்பித்தாலன்றி யாரையும் வெளியேற்ற இயலாது. வாடகைக்கு ரசீது தரவேண்டும் என்றது. தண்ணீர், மின்சாரம் முதலிய வசதிகளைத் தக்க காரணமின்றி நிறுத்தலாகாது என்றது. குழாயை அடைத்தும் விளக்கை அணைத்தும் குடியிருப்பவரை விரட்டும் வீட்டுக்காரர்களை நினைத்தே இவ்விதி எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் சட்டம் முழுவதும் நீதியாக இருந்ததா? இங்கேதான் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையைக் கணக்கிட, 1940 ஏப்ரல் முதல் தேதிக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் அவ்விடத்தில் நிலவிய வாடகையை அடிப்படையாகக் கொண்டது. பம்பாயிலோ 1940 செப்டம்பர் முதல் தேதியின் வாடகையே அளவுகோல். அரிசி விலை ஏறியது. ஆசிரியர் சம்பளம் ஏறியது. கொத்தனார் கூலி ஏறியது. பம்பாயில் வாடகை மட்டும் 1940-இல் உறைந்து நின்றது. வரும் வாடகை பழுது பார்க்கப் போதாததால் வீடுகள் இடிந்தன. ஒரே ஒரு வீட்டை நம்பி வாழ்ந்த விதவைகளும் முதியோரும் துன்புற்றனர். புதிதாக வீடு தேடி வந்தவனுக்கோ, ரசீதில்லாத பெருந்தொகை கொடுத்தாலன்றிக் கதவு திறக்கவில்லை. கடைசியில் 1997-இல் உச்ச நீதிமன்றம், தொடக்கத்தில் நியாயமாக இருந்த அவ்விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவை ஆகிவிட்டன என்று கூறியது. தமிழ்நாடு இதில் சற்று முந்திக்கொண்டது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம், மனையின் மதிப்பையும் கட்டடச் செலவையும் கூட்டி, ஆண்டுக்கு அதில் 9 விழுக்காடு குடியிருப்புக்கும், 12 விழுக்காடு பிற கட்டடங்களுக்கும் நியாய வாடகை என்று வகுத்தது.

உறைந்த எண் வீட்டுக்காரரை மட்டும் வாட்டவில்லை. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு நம் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றொரு விதி இருந்தது. விதி எழுதப்பட்ட காலத்தில் 400 ரூபாய் செல்வர்களின் வாடகை. நாளடைவில் நடுத்தரக் குடும்பங்களும் அத்தொகையைக் கொடுக்கத் தொடங்கின; அவர்கள் பாதுகாப்பை இழந்தனர். 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் சமத்துவத்துக்கு மாறானது என்று தள்ளிவிட்டது. பம்பாயில் உறைந்த எண் உரிமையாளரைச் சுட்டது. சென்னையில் உறைந்த எண் குடியிருப்பவரைச் சுட்டது. காலத்தோடு நடக்காத சட்டம் ஒரு நாள் யாரையேனும் மிதித்துவிடும் என்பதே இவ்விரு வழக்குகளும் கற்பிக்கும் பாடம்.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மற்றோர் எல்லையும் உண்டு. அது சென்னை, மதுரை மாநகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் உரியது. அரசாங்கம் தனியே அறிவித்தால்தான் பிற ஊர்களுக்குச் செல்லும். ஆலைகள் வந்ததோ ஊராட்சிகளில். நகரத்தின் நெருக்கடி கிராமத்துக்கு வந்துவிட்டது. நகரத்தின் சட்டம் அதன் பின்னே ஓடி வரவில்லை. நெல் வயலின் நடுவே எழுந்த அறைகளில் தங்கியவர்கள், பழைய புறக்குடிகளைப் போலவே, பேச்சை மட்டும் துணையாகக் கொண்டு வாழ்ந்தனர்.

பழைய சட்டம் நீக்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகையை அலுவலர் கணக்கிட்ட காலம் போய், இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே வாடகையை உறுதி செய்யும் காலம் வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது என்ற தடை இதிலும் உண்டு. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. எனினும் ஒப்பந்தத்தில் வேறுவகையாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்ற வாசலும் திறந்திருக்கின்றது. சென்னைப் பக்கம் பத்து மாத முன்பணம் கேட்பது நெடுநாள் வழக்கம் என்பதை எண்ணினால், அந்த வாசல் எவ்வளவு அகலமானது என்பது விளங்கும். ஒப்பந்தம் என்பது சமமான இருவர் கைகுலுக்குவது. நாளைக் காலை வேலைக்குச் செல்ல வேண்டியவனும், மூன்று அறைக்கு உடையவனும் சமமானவர்களா? அந்த இளைஞனின் கேள்வியும் இதுதான்: “முடியாது என்றால்?”

இச்சட்டம் தொடாத வேறோரிடமும் உண்டு. நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையின் பகுதியாகக் கொடுக்கும் குடியிருப்பு இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. எங்கள் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அத்தகைய ஏற்பாடுகளில் தங்கியவர்கள். 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்தில் உள்ள பாக்ஸ்கான் கைபேசி ஆலையின் பெண் தொழிலாளர் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. விடுதிகளிலும் உணவுக் கூடங்களிலும் சில தம் தரத்துக்கு ஏற்றவையல்ல என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 1915-இல் கிளாஸ்கோ மாதர் அடித்த மணியோசை எங்கள் நெடுஞ்சாலையில் எனக்குக் கேட்டது என்றால் அது மிகையன்று.

அதன் விளைவாகவும் நன்மை பிறந்தது. 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். நெரிசலான அறைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆயினும் வரலாறு ஓர் எச்சரிக்கையும் விடுக்கின்றது. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே, ரயில் பெட்டி செய்த புல்மன் என்பவர் 1880-இல் தம் தொழிலாளருக்காக அழகிய ஊரொன்றை அமைத்தார். 1893-இல் பொருளாதார மந்தம் வந்தபோது கூலியைக் குறைத்தார். வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894-இல் மூண்ட வேலைநிறுத்தம் அந்நாட்டின் ரயில் போக்குவரத்தையே உலுக்கியது. 1898-இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், ஊரை விற்றுவிடுமாறு அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது. சுவர் எவ்வளவு அழகாயிருந்தாலும், வேலை போன அன்றே வீடும் போகுமானால், டிரமன்ஹீர் கண்ட மனைக்கும் அதற்கும் வேற்றுமை சிறிதே.

வீட்டுக்காரர் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நடுநிலை தவறியவனாவேன். திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தியை நிறுத்தியது. ஆலை மூடினால் அதை நம்பிக் கட்டிய அறையும் காலியாகும். வாங்கிய கடன் மட்டும் காலியாகாது. சொல்லாமல் போகிறவர்களும், மின்கட்டணம் செலுத்தாமல் போகிறவர்களும் உண்டு. எல்லா வீட்டுக்காரரும் கொடியவர் அல்லர். எல்லாக் குடித்தனக்காரரும் நல்லவர் அல்லர். இது மெய்தான். எனினும் இருவர் இழப்பும் ஒரே அளவினதன்று. வீட்டுக்காரன் இழப்பது ஒரு மாதத்து வருவாய்; குடியிருப்பவன் இழப்பது இரவில் உறங்கும் இடம். எடை போடும்போது நீதி இந்த வேற்றுமையை மறக்கலாகாது.

அப்படியானால் நல்ல வாடகை விதிக்கு அடையாளம் யாது? நான் கற்ற வரலாற்றைக் கொண்டு நான்கு சொல்லுவேன். பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும். வெளியேற்றக் காரணமும், போதிய காலமும், நடுவர் ஒருவரும் வேண்டும். வாடகையின் அளவு காலத்தோடு நடக்க வேண்டும். உறையவும் கூடாது, பாயவும் கூடாது. நான்காவதாக, ஒருவனுடைய வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்படலாகாது. இந்நான்கும் ஒருங்கே அமைந்த சட்டம் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. அதை எழுதும் பொறுப்பு, இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுடையது.

என் அறைகளின் கதையை முடித்துவிடுகின்றேன். உறக்கமற்ற அந்த இரவுக்குப் பின், மறுநாள் நான்கு இளைஞர்களையும் மீண்டும் அழைத்தேன். இரண்டு படிகளில் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டோம். மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாடகையைக் கூட்டுவதானால் மூன்று மாதம் முன்னரே எழுத்தில் சொல்வது என்று நானே ஒரு வரி சேர்த்தேன். ரசீதுப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். அந்த ஐந்நூறு ரூபாயை நான் விட்டுக்கொடுத்துவிடவில்லை. மூன்று மாதம் கழித்து வாங்கினேன். நான் துறவியல்லேன், தண்ணீர் மோட்டாருக்கும் கூரைக்கும் செலவு உண்டு. என்னிடம் கேள்வி கேட்ட இளைஞன் ஒப்பந்தத்தை இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, “இப்போது முடியாது என்றால் என்ன செய்யலாம் என்று எங்களுக்குத் தெரியும் சார்” என்று சிரித்தான். பல ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கேட்ட நல்ல விடைகளுள் அதுவும் ஒன்று.

திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். அவர் தம் நாட்டை விட்டுச் சென்று மேல்கோட்டையில் பல்லாண்டு தங்கினார் என்பது வைணவ மரபு. அயலூர் ஒன்று அன்று அவருக்கு இடம் கொடுத்தது. அவர் பிறந்த மண்ணுக்கு இன்று அயலூர்ப் பிள்ளைகள் வந்திருக்கின்றார்கள். அவர்களைப் புறக்குடிகளாக வைப்பதா, உட்குடிகளாக ஏற்பதா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.